லாரியின் முன்சீட்டு

எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் நான் ஒன்பது வருஷம் ஆடினேன். அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பியதில்லை. இதை இங்கே ஈப்போவில் யாரிடமாவது சொன்னால், அதனால் என்ன என்பார்கள். எங்கள் தோட்டத்துக்காரர்களிடம் சொன்னால்தான் "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டுவார்கள்.

தோட்டம் சுங்காய் டவுனுக்குப் பக்கத்தில், ரப்பர் பால்மரக் காட்டுக்குள் இருந்தது. எழுபதுகளில் சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களோடு போட்டி நடக்கும். போகவர எங்களுக்கு இருந்தது தோட்டத்து லாரி ஒன்றுதான். வார நாளில் பால் ஏற்றும், காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும், சனிக்கிழமை எங்களை ஏற்றும். போகும்போது முன்சீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். திரும்பும்போது அந்தக் கதையெல்லாம் நடக்காது. அன்றைக்கு யார் எல்லாரையும்விட நன்றாக ஆடினானோ அவன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். மற்றவர்கள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யார் நன்றாக ஆடினான் என்று சொல்லுகிறவர் டிரைவர். கேப்டன் சொன்னாலும் அது மாறாது, மேனேஜர் துரை வந்து சொன்னாலும் மாறாது.

அந்த டிரைவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எங்களுக்கு அவர் ஒருவர்தான் டிரைவர். அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. இறந்தவனுக்கு மார்க் கூட்டிப் போடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதனால் கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

குள்ளமான மனிதர். காக்கி அரைக்கால்சட்டை, கை மடித்த வெள்ளைச் சட்டை. ஆட்டம் தொடங்கியதும் லாரியைத் திடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, மட்கார்டின் மேல் ஏறி நின்றுவிடுவார். கத்த மாட்டார், கை தட்ட மாட்டார். ஒன்றரை மணி நேரமும் அப்படியே நிற்பார். பந்து உருண்டு அவர் பக்கம் போனால் இறங்கி, குனிந்து, கையால் எடுத்துக் கொடுப்பார். அவர் பந்தைக் காலால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஆடத் தெரியாதவர் எங்களுக்குத் தரம் போடுகிறாரே என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும்.

ஒரு தடவை எங்கள் மாணிக்கம் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தான். விசில் ஊதியதும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நேராக வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். டிரைவர் சாவியை எடுத்து ஜேப்பில் போட்டுக்கொண்டு போய் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. கொசு பிடுங்குகிறது. கடைசியில் நான்தான் போய்க் கேட்டேன்.

"என்னா அண்ணே, மூணு கோலு போட்டவன் ஒக்காரக் கூடாதா?"

"மூணும் அடுத்தவன் ஊட்டிவிட்டது. இவன் வாயத் தொறந்தான், உள்ள போச்சு. எறங்கச் சொல்லுலா."

"அப்ப யாரு?"

"அவங்க பக்கத்து ஏழாம் நம்பரு இன்னைக்கு ஆடுனானா? நீ பாத்தியா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஏழாம் நம்பர் எங்களை வழக்கமாகப் பிழிந்து எடுக்கிறவன். அன்றைக்கு அவன் திடலில் இருந்ததே எனக்கு நினைவில்லை.

"இல்லண்ணே."

"ஏன் ஆடல?"

ஏனென்றால் எங்கள் இடது பக்கத்துத் தடுப்பாட்டக்காரன், எலும்பும் தோலுமாக இருக்கிற பையன், அவனை ஒட்டிக்கொண்டே திரிந்தான். அவன் பெயர் யார் வாயிலும் வரவில்லை. அன்றைக்கு அவன்தான் முன்னால் உட்கார்ந்து வந்தான், கூச்சத்தில் நெளிந்துகொண்டு. மாணிக்கம் பின்னால் நின்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தான். யாருமே சரியாக ஆடாத நாளும் உண்டு. அன்றைக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கி முன்சீட்டில் வைத்துவிடுவார். பதினொரு பேரைவிட அந்த வாளி அன்றைக்கு உபயோகமாக இருந்தது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு எல்லாரும் தோட்டத்துக் காப்பிக் கடையில் கூடுவோம். பழைய ஆட்டக்காரர்களில் யார் பெரியவன் என்று சண்டை தொடங்கும். ஐம்பதுகளில் வெறுங்காலோடு ஆடியவர்கள் பெரியவர்களா, பூட்ஸ் போட்ட நாங்கள் பெரியவர்களா? கிழவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். டிரைவர் இரண்டு பக்கத்தையும் ஏசுவார். யாராவது, "அந்தக் காலத்துல ஒவ்வொருத்தனும் புலி" என்று ஆரம்பித்தால் போதும்.

"அந்தக் காலத்துல எல்லாம் புலின்னு சொல்றவன் ஆட்டத்தப் பாக்கல. தன் வயசப் பாக்குறான்."

ஒருவனுக்குத் தரம் போடுமுன் அவர் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. எந்தத் திடல், மழையா வெயிலா, எதிரே நின்றவன் யார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அன்றைக்குக் காலையில் பாலுக்காக எத்தனை மரம் சீவிவிட்டு வந்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மத்தியானம் வரை நானூறு ஐந்நூறு மரம் சீவி, பால் தூக்கி, அதன் பிறகு ஆட வருகிறவர்கள் நாங்கள். அறுபதுகளில், தோட்டத்து ஆபிஸ் குமாஸ்தாவான கிராணியின் மகன் ஒருவன் இருந்தான். தோட்டமே அவனைத் தலையில் வைத்து ஆடியது. டிரைவர் அவனுக்குக் கொடுத்தது நான்காவது இடம்.

"அவன் ஆபிஸ்ல ஒக்காந்துட்டு வந்து ஆடுனான். நானூறு மரம் சீவிட்டு வந்தவன் பக்கத்துல அவனக் கொண்டாந்து நிறுத்தாத. நல்லா ஆடுனான், இல்லங்கல. நாலு."

இந்தக் கறாரை நான் ரசித்தது உண்டு, பயந்ததும் உண்டு. ஒரு பழைய கோல்கீப்பர் இறந்து போனார். டிரைவர் காலையிலேயே போய்ப் பாடை கட்டினார், சுடுகாட்டுக்குக் கொண்டுபோக லாரியைக் கழுவித் துடைத்து நிறுத்தினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. எடுக்கிற நேரத்தில் இறந்தவரின் மகன் அழுதுகொண்டே, "எங்கப்பா மாதிரி கோல்கீப்பர் இந்தத் தோட்டத்துல உண்டா, நீங்களே சொல்லுங்க டிரைவர் அண்ணே" என்று கேட்டுவிட்டான். ஒரு வார்த்தை ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டாவது" என்றார் டிரைவர்.

அந்த மகன் அப்புறம் மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. "பொய் சொல்லியிருந்தா இன்னைக்கு அழுகை நின்னிருக்கும். நாளைக்கு வேற ஒருத்தன் செத்தா அவனுக்கும் ஒன்னுதான் குடுக்கணும். அப்புறம் ஒன்னுக்கு என்னாலா மதிப்பு?" என்று என்னிடம் கேட்டார்.

இப்படி எல்லாருக்கும் தரம் போட்ட மனிதர் ஒரே ஒருவருக்கு மட்டும் போடவில்லை. அவருடைய சொந்த அண்ணன் அங்கமுத்து.

அங்கமுத்துவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஆடியவர். பந்து அவர் காலோடு பிறந்தது போல இருக்கும் என்று கிழவர்கள் சொல்வார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது, கல்யாணமாகி எட்டு மாசம். போனவர்களில் சிலர் எலும்புக்கூடாகத் திரும்பி வந்தார்கள். அங்கமுத்து வரவில்லை. இறந்துவிட்டார் என்ற சேதியும் வரவில்லை. சேதி வராததால் வீட்டில் கருமாதி செய்யவில்லை. அவர் மனைவி தாலியைக் கழற்றவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் டிரைவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு, புல் வெட்டும் வேலை செய்து காலத்தை ஓட்டினார். எங்களுக்கெல்லாம் அவர் பெரியம்மா.

காப்பிக் கடைப் பேச்சில் அங்கமுத்து பெயர் வந்தால் டிரைவர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அண்ணன் மேல் பாசம், தாங்க முடியவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. பால்மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப் போகிறார்கள், ஆள் அதிகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டத் தொடங்கியது. கோயில் மட்டும் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். கோயில் கொட்டகையில் ஒரு பலகை மாட்டுவது, எங்கள் குழுவில் எந்தக் காலத்திலும் ஆடியவர்களில் சிறந்த பதினொரு பேரை வரிசைப்படி அதில் எழுதுவது என்று முடிவாயிற்று. அப்போது நான் குழுவின் செயலாளர். வரிசையை யார் சொல்வது என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. அதை டிரைவர்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள், அந்தக் கோல்கீப்பர் மகன் உட்பட.

அந்த வாரம் பெரியம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, பலகையில பேரு எழுதுறீங்களாமே. அவரு பேரு வருமா?"

"டிரைவர் அண்ணன்தான் பெரிம்மா சொல்லணும். நீங்களே கேக்கலாமே."

"நான் கேட்டா அது ஒன்னும் பேசாது. எந்திரிச்சிப் போயிரும்." வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "பெரட்டுக் களத்துல வச்சு லாரியில ஏத்துனாங்க. முன்னால ஜப்பான்காரன் ஒக்காந்திருந்தான். இவரு பின்னால நின்னுக்கிட்டே போனாரு, மேல சட்டைகூட இல்ல. அதான் கடைசி. சயாமுல எங்க பொதச்சாங்கன்னு தெரியாது. பொதச்சாங்களான்னே தெரியாது. அவரு பேரு எழுதுன எடம்னு உலகத்துல ஒன்னு இல்ல தம்பி. நானும் போயிட்டா சொல்றதுக்கும் ஆளு இல்ல."

மறுநாள் டிரைவரைத் தேடிப் போனேன். லாரி கொட்டகையில் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா வந்ததைச் சொன்னேன். கை நின்றது.

"எங்கண்ணன் ஆடி நான் பாத்தது பதினாலு வயசுல. அந்த வயசுல அண்ணன் எதப் பண்ணாலும் பெருசாத்தான் தெரியும். அந்தக் கண்ண நம்பி எப்படிலா நம்பர் போடறது?"

"பெரியவங்கல்லாம் சொல்றாங்களேண்ணே."

"அவங்க பாவம் பாத்துச் சொல்றாங்க. திரும்பி வந்து, தொப்ப போட்டு, சுங்காய்ல லாட்டரி சீட்டு வித்துக்கிட்டு இருந்தாருன்னா சொல்லுவாங்களா? ஆடுனது ரெண்டு வருஷம். ஆடாத ஆட்டத்துக்கு எடம் கெடையாது."

"பெரிம்மாவுக்காகவாவது..."

"சரி. பதினோரு எடம். எங்கண்ணனப் போடணும்னா ஒருத்தன எடுக்கணும். யார எடுக்கலாம்? நீ சொல்லு. பேரச் சொல்லு, நான் எடுத்துர்றேன்."

என்னால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத கோபத்தில் கத்திவிட்டேன். "நீங்கள்லாம் மனுஷனாண்ணே? அவங்க முப்பத்தெட்டு வருஷமா ஒத்தையில கெடக்காங்க. ஒரு பேர எழுதுனா ஒங்க கைல இருக்கிறது என்னா கொறைஞ்சி போகும்?"

அவர் மறுபடியும் நட்டு முடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் பதினொரு பெயரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கமுத்து இல்லை, நானும் இல்லை. அவ்வளவு கோபத்திலும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்.

"நான் எத்தனாவதுண்ணே?"

"கேக்காதலா. சொல்லிருவேன்."

கடைசி ஆட்டம் பக்கத்துத் தோட்டத்துத் திடலில் நடந்தது. அதற்கு அடுத்த மாசம் எங்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். பெரியம்மாவுக்கு அந்தத் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. காலையிலேயே பஸ்ஸில் போய் அவர்களிடம் சொல்லிக்கொண்டுவிட்டு, சாயங்காலம் திடலுக்கு வந்து கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்றார். அங்கமுத்து போன பிறகு அவர் ஒரு ஆட்டத்தையும் பார்க்க வந்ததில்லை. திரும்பிப் போகப் பஸ் இல்லை, எங்களோடுதான் வர வேண்டும்.

நாங்கள் தோற்றோம். ஒரே ஒரு கோலில். ஆனால் அன்றைக்கு நான் ஆடியது போல அதற்கு முன்னால் ஆடியதில்லை. மழை பெய்து சேறாகிக் கிடந்த திடலில் பந்து போகிற இடமெல்லாம் என் கால் முன்னாலேயே போய் நின்றது. கோல்கோட்டின் மேல் மூன்று பந்தைத் தடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் மாணிக்கமே வந்து, "மச்சான், இன்னைக்கு ஒன்னோடதுலா சீட்டு" என்று முதுகில் தட்டினான். எனக்கும் தெரிந்தது. லாரியை நோக்கி நடந்தேன்.

டிரைவர் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு நீ."

ஒன்பது வருஷம் காத்திருந்த சொல். ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "சீட்டு ஒன்னோடது. அதுல பேச்சில்ல. அண்ணி நிக்கிறாங்க. நீ குடுத்தா ஒக்காருவாங்க. குடுக்கலன்னாலும் தப்பில்ல. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

அவர் சொன்னதும் நான் சட்டென்று விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும். நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். ஓரம் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அதில் உட்கார எனக்கு அவ்வளவு ஆசை. சேற்றுக் காலோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்பினேன்.

"பெரிம்மா, இங்க வாங்க. முன்னால ஏறுங்க."

"வேணாம் தம்பி, ஆடுனவங்க ஒக்காருற எடம். நான் பின்னால நின்னுக்கிட்டு வாரேன்."

டிரைவர் கதவை விடவில்லை.

"அண்ணன் நின்னுக்கிட்டே போனாரு அண்ணி. நீங்க ஒக்காந்து வாங்க."

பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் போய் டிரைவர் அறைக்கு ஒட்டினாற்போல நின்றேன். அந்தப் பக்கத்துச் சின்ன ஜன்னலில் கண்ணாடி உடைந்து ரொம்ப நாளாகிறது. உள்ளே பேசுவது கேட்கும்.

பாதித் தூரம் வரை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பால்மரம், சில இடத்தில் ஏற்கெனவே சாய்த்துப் போட்டிருந்தார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பெரியம்மா சொன்னார், ரொம்ப மெதுவாக.

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு தம்பி. அவரு இனிமே ஆட வரமாட்டாரு."

லாரியின் வேகம் குறைந்தது. ஒரு வளைவு தாண்டியது, ஒரு பாலம் தாண்டியது. பதில் வராது என்று நினைத்தேன்.

"வந்து ஆடுனா பாத்துட்டு, எத்தனாவதுன்னு சொல்லலாம்னு இருந்தேன் அண்ணி" என்றார்.

லாரிக் கொட்டகையில் அவரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து, எங்காவது இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. தரம் போட்டுவிட்டால் அண்ணனின் ஆட்டம் முடிந்தது என்று இந்த மனிதர் தன் வாயால் சொன்னதாகிவிடும். அதைத்தான் அவரால் முடியவில்லை. எங்களுக்கெல்லாம் நம்பர் போட்டது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நாங்கள் முடிந்து போனவர்கள்.

லயத்துக்கு முன்னால் லாரி நின்றது. டிரைவர் சுற்றி வந்து பெரியம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எங்கண்ணன் பேர எழுதிக்க. பதினோரு பேருக்குக் கீழ. நம்பர் போடாத."

அப்படியேதான் எழுதினோம். ஒன்று முதல் பதினொன்று வரை நம்பரோடு பெயர்கள், அதற்குக் கீழே நம்பர் இல்லாமல் அங்கமுத்து. பலகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எது அவர் பெயர் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். பெயிண்ட் காயவில்லை என்று சொல்வதற்குள் விரலை வைத்துவிட்டார். கடைசி எழுத்தில் அந்தத் தடம் இருக்கிறது. சரி செய்ய வேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. பாலைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகையில் வரிசையாக நின்றோம். லாரி வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். தலையை மொட்டை அடித்திருந்தார். அவர் பின்கதவைத் திறந்துவிட்டார், நாங்கள் பாலை ஏற்றத் தொடங்கினோம்.